ஊட்டிக் காற்றில் எண்ணெய் பர்னர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: உதகமண்டலத்தில் நாங்கள் நடத்திவரும் தங்கும் விடுதிக்கு மணிக்கு 1,000 லிட்டர் வெந்நீர் தேவைப்படுகிறது. கொதிகலன் ஒன்று இருக்கிறது. அதற்குரிய பர்னர் பழுதாகிவிட்டது. டீசலில் எரியும் புதிய பர்னரை நானே வடிவமைத்து உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ள விரும்புகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது, எதை நானே செய்யலாம், எதை வாங்கியே ஆக வேண்டும் என்று விளக்குவீர்களா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: தாளில் பர்னரை வரைவதற்கு முன், கொதிகலனுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுங்கள்; மற்ற அளவுகள் அனைத்தும் அந்த ஒரு எண்ணிலிருந்தே பிறக்கின்றன. உங்கள் ஊரில் குழாய் நீர் 15 டிகிரி செல்சியஸில் வருகிறது என்றும், அதை 60 டிகிரிக்கு உயர்த்த வேண்டும் என்றும் கொண்டால், 1,000 லிட்டருக்கு மணிக்கு 45,000 கிலோகலோரி, அதாவது சுமார் 52 கிலோவாட் வேண்டும். கொதிகலனின் திறன் 85 விழுக்காடு எனில், பர்னர் மணிக்கு ஏறத்தாழ 53,000 கிலோகலோரி தர வேண்டியிருக்கும். டீசலின் வெப்ப மதிப்பு கிலோவுக்குச் சுமார் 10,800 கிலோகலோரி. எனவே மணிக்கு 4.9 கிலோ, லிட்டரில் சொன்னால் 5.8 லிட்டர் அளவுக்கு டீசல் எரிய வேண்டும்.

இந்த அளவுக்குப் பொருத்தமானது, பம்ப் அழுத்தத்தால் எண்ணெயைத் தூவும் வகைப் பர்னர். இதில் எண்ணெயின் அளவை நிர்ணயிப்பவை, எண்ணெயைத் தூவும் முனையான நாசிலும் அதற்குத் தரும் அழுத்தமும்தான். நாசில்கள் பெரும்பாலும் 7 பார் அழுத்தத்தில் மணிக்கு எத்தனை அமெரிக்க கேலன் என்ற கணக்கில் விற்கப்படுகின்றன. அறுகோணப் பித்தளை உடலின் பக்கவாட்டில் அந்த எண்ணும் தூவல் கோணமும் பொறிக்கப்பட்டிருக்கும். அழுத்தம் கூடும்போது எண்ணெய் அதே விகிதத்தில் கூடாது, அழுத்தத்தின் வர்க்கமூலத்தின்படியே கூடும். உங்களுக்கு வேண்டிய 5.8 லிட்டர் என்பது 1.54 கேலன். எனவே 1.25 கேலன் நாசிலை வாங்கி, பம்பை 10.5 பார் அழுத்தத்தில் வைத்தால் கணக்கு சரியாக வரும். 1.5 கேலன் நாசிலை 7 பாரில் ஓட்டினாலும் ஏறத்தாழ அதே எண்ணெய் கிடைக்கும் என்றாலும், சிறிய நாசிலையும் உயர்ந்த அழுத்தத்தையும் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. துளிகள் நுண்ணியவையாக இருக்கும், நுண்ணிய துளி விரைவில் ஆவியாகி முழுமையாக எரியும்.

நாசிலைக் கழற்றிப் பார்த்தால், அதன் உள்ளே ஒரு சிறு கூம்பும், கூம்பின் மேல் சாய்வாக வெட்டப்பட்ட நுண்ணிய பள்ளங்களும் இருப்பதைக் காணலாம். எண்ணெய் அந்தப் பள்ளங்களின் வழியே சுழன்றுகொண்டு நுழைந்து, துளையிலிருந்து மெல்லிய கூம்புப் படலமாக வெளியேறித் துளிகளாக உடைகிறது. இவ்வளவு துல்லியமான வேலை பட்டறை லேத்தில் வராது. நாசில், பம்ப், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு ஆகிய மூன்றையும் வாங்கிவிடுங்கள்.

இனிக் காற்றுக்கு வருவோம். எண்ணெயை அளந்து தருவதற்கு நாசில் கடையில் கிடைக்கிறது. காற்றை அளந்து, சரியான வேகத்தில், சரியான இடத்தில் சேர்ப்பதுதான் வடிவமைப்பாளரின் உண்மையான வேலை. ஒரு கிலோ எரி எண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.1 கிலோ காற்று வேண்டும். கலவை எங்கும் ஒரே சீராக அமையாது என்பதால் 20 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டியிருக்கிறது. உங்கள் பர்னருக்கு இது மணிக்கு 83 கிலோ காற்று. சென்னையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.165 கிலோ ஆகையால், அங்கே 71 கன மீட்டர் போதும். ஊட்டியோ கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்குள்ள காற்றழுத்தத்தில், 15 டிகிரிக் குளிரையும் கணக்கில் சேர்த்தால், ஒரு கன மீட்டர் காற்று சுமார் 0.94 கிலோதான் இருக்கும். அதே 83 கிலோவுக்கு 88 கன மீட்டர் தேவைப்படுகிறது.

காற்றாடி கிலோக் கணக்கில் காற்றைத் தள்ளுவதில்லை. ஒரே வேகத்தில் சுழலும் காற்றாடி சமவெளியிலும் மலையிலும் ஒரே கன அளவைத்தான் தள்ளும். மலையில் அந்தக் காற்றின் எடை குறைந்துவிடுகிறது, காற்றாடி உண்டாக்கும் அழுத்தமும் அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. விற்பனைக் கையேடுகளில் காணும் அளவுகள் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு உரியவை. சமவெளியில் புகையின்றி எரிந்த பர்னர் மலைக்கு வந்ததும் கரிப்புகை தள்ளுவதற்கும், அதைச் சரிசெய்ய டேம்பரை (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை) முழுக்கத் திறந்த பிறகும் புகை நிற்காமல் போவதற்கும் இதுவே காரணம். ஆகவே 88 கன மீட்டர் என்ற அளவுக்கு மேலும் சிறிது இடம் விட்டு, ஓரளவு பெரிய காற்றாடியாகத் தேர்ந்தெடுத்து, டேம்பரால் குறைத்துக்கொள்ளுங்கள். காற்றாடியின் அழுத்தம் பர்னர் தலையின் தடையையும் கொதிகலனுக்குள் உள்ள எதிர்ப்பையும் சேர்த்து வெல்ல வேண்டும். எனவே பழைய பர்னர் எந்த அழுத்தத்துக்கு உரியதாக இருந்தது என்பதை அதன் பெயர்ப் பலகையில் பார்த்துக்கொள்வது பயன்படும்.

பட்டறையில் நீங்கள் துணிந்து செய்யக்கூடிய பகுதி, பர்னரின் தலை. ஒரு குழாய், அதன் வாய்க்குச் சற்று உள்ளே ஒரு வட்டத் தட்டு, தட்டின் நடுவில் துளை, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாக வெட்டிய பிளவுகள், தட்டுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு வளைய இடைவெளி: இவ்வளவுதான் அதன் அமைப்பு. அந்த வட்டத் தட்டை டிஃப்யூசர் தட்டு என்பார்கள். நடுத்துளை வழியே வரும் காற்று நாசில் முனையில் கரி படியாமல் காக்கிறது. பிளவுகள் வழியே வரும் காற்று சுழல்கிறது. வளைய இடைவெளியில் வரும் பெரும்பகுதிக் காற்று வேகமாக முன்னே பாய்கிறது. தட்டுக்கு நேர் முன்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாவதால், எரிந்த சூடான வாயுவின் ஒரு பங்கு பின்னோக்கி இழுக்கப்பட்டு, புதிதாக வரும் எண்ணெய்த் துளிகளைத் தொடர்ந்து பற்றவைத்துக்கொண்டே இருக்கிறது. தட்டு இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல நாசில் போட்டாலும், காற்றின் வேகத்தில் சுடர் பறந்துவிடும். தட்டை வெப்பம் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யுங்கள். குழாய்க்குள் அது முன்னும் பின்னும் நகரும்படி ஒரு திருகு அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள். வளைய இடைவெளியைச் சில மில்லிமீட்டர் மாற்றினாலே சுடரின் குணம் மாறிவிடும் என்பதால், அந்தத் திருகு இல்லாமல் உங்களால் எதையும் சரிப்படுத்த முடியாது.

பற்றவைக்கும் எலக்ட்ரோடுகள் இரண்டின் முனைகளுக்கு இடையே 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அவை நாசிலுக்குச் சற்று முன்னாலும் மேலும் இருக்க வேண்டும். ஆனால் எண்ணெய்த் தூவல் அவற்றின் மேல் படக் கூடாது. காற்று தீப்பொறியை வளைத்துத் தூவலின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சுடரைப் பார்க்கும் போட்டோசெல்லையும் மட்டும் நீங்களே செய்ய முயல வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் காற்றாடி ஓடி, கொதிகலனுக்குள் சுடர் எரியும் அடுப்பறையில் தேங்கிய ஆவியை வெளியேற்ற வேண்டும்; பிறகு தீப்பொறி வர வேண்டும்; அதன் பிறகே வால்வு திறந்து எண்ணெய் வர வேண்டும்; குறித்த நேரத்துக்குள் சுடர் தெரியாவிட்டால் எண்ணெய் தானாக நின்று, ஒருவர் நேரில் வந்து பொத்தானை அழுத்தும் வரை பர்னர் பூட்டப்பட்டுக் கிடக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு நேரம், மணிக்கு 30 கிலோ வரை எரிக்கும் பர்னர்களுக்கு 10 நொடிக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. ரிலே எனும் மின் சுவிட்சில் ஒரு முனை ஒட்டிக்கொண்டாலும் ஆபத்தில்லாதபடி சோதிக்கப்பட்ட பெட்டிகள் சந்தையில் கிடைக்கின்றன.

நீரை 100 டிகிரிக்குக் கீழ் மட்டுமே சூடாக்கும் கலன், பழைய 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள 2025-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்தின் வரம்புக்குள் வராது. ஆயினும் அழுத்த விடுவிப்பு வால்வும், வெப்பம் எல்லை மீறினால் பர்னரை நிறுத்தும் தனித் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கடைசியாக, சுடரின் நிறத்தை மட்டும் பார்த்துக் காற்றை வைக்காதீர்கள். புகைபோக்கி வாயுவை அளக்கும் கருவியை ஒரு நாள் வாடகைக்காவது எடுங்கள். கரியமில வாயு 12 முதல் 13 விழுக்காடு, ஆக்சிஜன் 3 முதல் 4 விழுக்காடு, வடிதாளில் எடுக்கும் புகைக்கறை எண் ஒன்றுக்கு மேற்படாமல் இருப்பது: இவை மூன்றும் சேர்ந்து வரும்போது டேம்பரைப் பூட்டிவிடலாம். ஊட்டியில் விடியற்காலை 5 டிகிரியும் நண்பகலில் 25 டிகிரியும் இருந்தால், காற்றின் அடர்த்தி மட்டுமே 7 விழுக்காடு அளவுக்கு மாறும். எனவே சரிப்படுத்துவதை நண்பகலில் செய்யுங்கள். காலையில் காற்று சற்று மிகுதியாக இருந்தால் சிறிது டீசல் வீணாகும், அவ்வளவுதான், புகை வராது. குளிர்ந்த டீசல் கெட்டியாக இருப்பதால் துளிகள் பெரிதாகும் என்பதோடு, இவ்வகை நாசிலில் எண்ணெயின் அளவும் கூடிவிடும். மார்கழிக் காலையில் பற்றவைத்தவுடன் புகை கண்டால், எண்ணெய்த் தொட்டியையும் குழாயையும் கட்டடத்துக்குள் கொண்டுவருவதுதான் முதல் மருந்து.

கேள்வி: எங்கள் கொதிகலனின் அடுப்பறை குட்டையானது. பர்னர் மாற்றிய பிறகு பின்சுவரில் கெட்டியான கரி படிகிறது. காற்றைக் கூட்டினாலும் குறையவில்லை. ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் சுடர் பின்சுவரை முட்டுகிறது என்று நினைக்கிறேன். சுவருக்கு அப்பால் தண்ணீர் இருப்பதால் அந்த உலோகம் சுடரை விட மிகக் குளிர்ந்தது. அதைத் தொட்டவுடன் எரிந்துகொண்டிருக்கும் துளிகள் அணைந்து கரியாகப் படிகின்றன. காற்றைக் கூட்டுவது சுடரை இன்னும் முன்னே தள்ளவும் கூடும். நாசிலில் பொறித்துள்ள கோணத்தைப் பாருங்கள். 45 டிகிரி என்று இருந்தால் அது நீண்டு ஒடுங்கிய அடுப்பறைக்கு உரியது. குட்டையான, அகன்ற அடுப்பறைக்கு 80 டிகிரி நாசில் பொருந்தும். ஆனால் தூவல் பக்கச் சுவரிலோ பர்னர் குழாயின் விளிம்பிலோ படாமல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நாசிலை மாற்றினால் எலக்ட்ரோடின் இடத்தையும் மறுபடி அளந்து வைக்க வேண்டும். படிந்த கரியை உடனே சுரண்டிவிடுங்கள். அது வெப்பத்தை நீருக்குச் செல்ல விடாமல் தடுத்துப் புகைபோக்கிக்கு அனுப்பிவிடுகிறது. புகைபோக்கி வாயுவின் வெப்பநிலை 22 டிகிரி கூடினால் எரிபொருளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு போய்விட்டது என்று கணக்கு.

கேள்வி: லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயில் பேரல் கணக்கில் சேர்கிறது. இதைப் பர்னரில் எரித்து வெந்நீர் போட முடியுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: எரிய வைக்க முடியும், ஆனால் உங்கள் பட்டறையில் எரிக்கக் கூடாது. பழைய எஞ்சின் ஆயில் டீசலை விட மிகக் கெட்டியானது, அதில் தேய்ந்த உலோகத் துகள்களும் கரியும் நீரும் கலந்திருக்கும். முதல் கேள்வியில் சொன்ன நாசிலில் அதைச் செலுத்தினால் நுண்பள்ளங்கள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அழுத்தக் காற்றால் எண்ணெயைச் சிதறடிக்கும் வேறு வகை நாசிலும், எண்ணெயைச் சூடேற்றும் அமைப்பும் இருந்தால் சுடர் நிற்கும். அப்போதும் எண்ணெயோடு வந்த உலோகங்களும் எஞ்சின் ஆயிலில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்களும் சாம்பலாகக் கொதிகலனுக்குள் படியும், மிச்சம் புகைபோக்கி வழியே தெருவுக்குப் போகும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அதைக் கையாள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு விற்றுவிடுங்கள். அந்தப் பணத்தில் டீசல் வாங்கலாம்.

கேள்வி: எங்கள் விடுதியின் பர்னர் அடிக்கடி பூட்டிக்கொள்கிறது. நாலைந்து முறை ரீசெட் பொத்தானை அழுத்தினால் பற்றிக்கொள்கிறது. இதில் தவறு உண்டா?
– வாசகர், நுவரெலியா

பதில்: மிகப் பெரிய தவறு உண்டு, இன்றே நிறுத்துங்கள். முதல் கேள்வியில் கண்ட அளவுள்ள பர்னரில்கூட, பற்றாத ஒவ்வொரு முயற்சியிலும் 10 நொடியில் 16 மில்லிலிட்டர் எண்ணெய் அடுப்பறைக்குள் போய்விடும். ஐந்து முறையில் 80 மில்லிலிட்டர். சூடான அடுப்பறையில் அது ஆவியாகிக் காத்திருக்கும். ஆறாவது முறை தீப்பொறி பிடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் எரிந்து, அடுப்பறைக் கதவையே பெயர்த்துவிடக்கூடும். புகைபோக்கியில் எண்ணெய் வாடையுடன் வெண்புகை தெரிந்தால் உள்ளே எரியாத ஆவி இருக்கிறது என்று பொருள். அப்போது பொத்தானைத் தொடவே கூடாது.

ஒருமுறை அழுத்தலாம். அழுத்தும்போது பார்வைக் கண்ணாடி வழியே கவனியுங்கள். சுடர் நன்றாக எழுந்து சில நொடியில் அணைந்தால், போட்டோசெல்லின் கண்ணில் கரி படிந்திருக்கும். கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். தீப்பொறியின் ஓசை கேட்டும் சுடர் எழாவிட்டால் குறை எண்ணெய்ப் பாதையில்: வடிகட்டி அடைத்திருக்கலாம், உறிஞ்சு குழாயில் காற்று நுழைந்திருக்கலாம், வால்வின் சுருள் எரிந்திருக்கலாம். தீப்பொறியே இல்லையென்றால் எலக்ட்ரோடின் பீங்கானில் மயிரிழை விரிசலையும், பிறகு டிரான்ஸ்பார்மரையும் பார்க்கச் சொல்லுங்கள். பர்னர் நின்ற பிறகு நாசிலிலிருந்து எண்ணெய் சொட்டுகிறதா என்பதையும் பணியாளர் பார்க்க வேண்டும். சொட்டினால் சொலினாய்டு வால்வு முழுக்க மூடவில்லை, அதை மாற்றும் வரை பர்னரை இயக்க வேண்டாம்.