பென்ஸ் 500 ஈ காரை விற்கும் முன் பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: என்னிடம் 1992-ஆம் வருட மெர்சிடிஸ் பென்ஸ் 500 ஈ இருக்கிறது. பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி, பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. முழங்கால் வலியால் இப்போது அதிகம் ஓட்ட முடிவதில்லை, விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். அங்கங்கே சின்னக் கீறல்கள் இருக்கின்றன. முழுசாகப் பெயிண்ட் அடித்து, இன்ஜினையும் கழுவிப் பளபளப்பாக்கிவிட்டால் நல்ல விலை வருமா? எப்படி விலை வைப்பது?

பதில்: பெயிண்ட் வேண்டாம். இன்ஜினையும் தயவுசெய்து கழுவாதீர்கள்.

உங்கள் வண்டியைத் தேடி வருகிறவர் ஏதோ ஒரு பழைய பென்ஸ் கிடைத்தால் போதும் என்று வருகிறவர் இல்லை. போர்ஷேயோடு சேர்ந்து செய்த வண்டி, மொத்தமே 10,479தான் தயாரானது, பின்னால் இரண்டு பேர் மட்டும்தான் உட்காரலாம் என்பதெல்லாம் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரையும் கையோடு கொண்டுவருவார். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100, 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் காட்டும். கதவில் வைத்ததும் 300 என்று வந்தால் இது எங்கே போய் இடித்த வண்டியோ என்றுதான் அவர் மனசு போகும், கீறலுக்காகத்தான் அடித்தேன் என்று நீங்கள் தலைகீழாக நின்று சொன்னாலும் எடுபடாது. கீறல் கீறலாகவே இருக்கட்டும். அதைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள், நேரில் வந்து பேரம் பேச அவருக்கு ஒரு காரணம் குறையும்.

இன்ஜின் விஷயத்தில் இன்னொரு வம்பும் இருக்கிறது. அந்த வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிகள் முன்பக்கம் இரண்டு உண்டு, உள்ளே ஈரம் போனால் மிஸ்ஸிங் வரும். பளபளவென்று கழுவி வைத்து, ஆள் வந்து நிற்கும்போது வண்டி திக்கினால் எப்படி இருக்கும்? தூசியைத் துணியால் துடைத்தால் போதும்.

பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தை இன்ஜின் ஒயரிங்குக்குத் திருப்புங்கள். 90களின் முதல் பாதியில் வந்த பென்ஸ்களில் ஒயரின் மேலுறை சூட்டில் காய்ந்து, தொட்டாலே உதிரும். விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பதே அதைத்தான். மாற்றியாகிவிட்டது என்றால் அந்த பில்லை ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். மாற்றவில்லை என்றால் மாற்றிவிட்டு விற்கலாம், அல்லது மாற்றவில்லை என்று எழுதிவிட்டு அதற்கேற்ப விலையைக் குறைக்கலாம். மழுப்புவது மட்டும் கூடாது.

ஃபைல் என்றதும், பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஓடோமீட்டர் ரீடிங் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடிய கிலோமீட்டர் உண்மைதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வண்டியின் டேட்டா கார்டு (எந்தெந்த வசதிகளோடு வண்டி தயாரானது என்று கம்பெனி கொடுத்த அட்டை), இரண்டாவது சாவி, நீங்கள் எப்போதோ கழற்றிப் பரணில் போட்ட பழைய ரேடியோ, எல்லாவற்றையும் தேடி எடுங்கள். அப்புறம் டயர். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள், பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2314 என்றிருந்தால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். வண்டி அதிகம் ஓடாததால் தேயாமல் இருக்கிறது, அவ்வளவுதான். இவ்வளவு வேகம் போகிற வண்டியை அந்த டயரோடு காட்டினால் மற்ற பராமரிப்பு எல்லாமே சந்தேகத்துக்கு வந்துவிடும்.

விலைக்கு, மற்றவர்கள் விளம்பரத்தில் கேட்கிற தொகையைப் பார்க்காதீர்கள். கேட்பதற்கு என்ன, யாரும் எதையும் கேட்கலாம். ஏலங்களில் உங்களுடையதைப் போன்ற நிலையில், அதே அளவு ஓடிய வண்டி என்ன விலைக்குப் போனது என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே வையுங்கள். வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலையைவிட அதிகம் அனுப்புகிறேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒருவர் வருவார். அது மோசடி, பதிலே போடாதீர்கள்.

நேரில் வருகிறவருக்காக இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதை அவர் காதால் கேட்கட்டும். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் பாருங்கள், உங்கள் இன்ஷூரன்ஸ் அவர் ஓட்டுவதையும் கவர் செய்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள், முதல் சுற்று நீங்கள் ஓட்டுங்கள். முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை என்றால் நம்பிக்கையான மெக்கானிக்கை ஓட்டச் சொல்லலாம். பணம் வந்தது என்று மெசேஜைக் காட்டினால் நம்பாதீர்கள், பேங்கில் நீங்களே உறுதி செய்துகொண்டு, பெயர் மாற்றத்துக்கான பேப்பரில் கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.