நண்பர் விட்டுச்சென்ற கேசட்டுகள்

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகள் போராட்டக் களங்களில் வீடியோ எடுத்த என் நண்பர் இறந்துவிட்டார். அவருடைய இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் ஒரு பெட்டி மினிடிவி (MiniDV) வீடியோ கேசட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் யூட்யூபில் ஏற்றிவிட்டால் பத்திரமாக இருக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஏற்றுவதற்கு அவசரப்படாதீர்கள். யூட்யூபை நம்பி அசலைக் கைவிட்டுவிடக் கூடாது. 2017இல் வன்முறைக் காட்சிகளைத் தானாகக் கண்டறியும் முறையை அவர்கள் கொண்டுவந்தபோது, சிரிய மக்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்த வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் காணாமல் போயின. சில திரும்பி வந்தன. எடுத்தவரே உயிரோடு இல்லையென்றால், திருப்பிக் கொடு என்று யார் போய்க் கேட்பது?

முதலில் கேசட்டைக் கவனியுங்கள். நாடா கெட்டுக்கொண்டே இருக்கும், அதை ஓட்டும் கேமராவும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கேசட்டின் முதுகில் 'ரெக்', 'சேவ்' என்று ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும். அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டால், கை தவறினாலும் மேலே எதுவும் பதியாது. ஒட்டியிருக்கும் சீட்டில் அவர் எழுதியிருப்பதையும் படம் எடுத்து வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளின் பெயரை மாற்ற வேண்டாம். அப்படியே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் போய்விடும்.

எதையும் வெட்டாதீர்கள், இதை மன்றாடிக் கேட்கிறேன். 1991இல் லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்ததை, அருகில் குடியிருந்த ஜார்ஜ் ஹாலிடே தன் கேமராவில் பதிவு செய்தார். தொலைக்காட்சியில் பெரும்பாலும் காட்டப்படாத, கலங்கலான தொடக்க நொடிகள் வழக்கில் பெரிய வாதப்பொருளாயின. போலீசார் தரப்பு அதைத் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தியது. நமக்குப் பாதகமான நொடியும் இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மற்ற நொடிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். கெய்ரோவின் மொசிரீன் என்ற வீடியோ குழு 2018இல் எகிப்துப் புரட்சியின் 858 மணி நேரப் பதிவைச் சேகரித்து வெளியிட்டது. இப்படிப்பட்ட பதிவுகளில், தரையைக் காட்டியபடி கேமரா ஓடும் இடங்களும் எனக்கு முக்கியம்தான், அங்கேதான் கோஷங்கள் காதில் விழும்.

அப்புறம், நண்பரோடு களத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுங்கள். எந்த இடம், எந்த நாள், பேசுவது யார் என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். முகம் தெரிகிறவர்களில் சிலருக்கு இன்றும் ஆபத்து இருக்கலாம். அவர்களைக் கேட்டு முடித்த பிறகு, எதை ஏற்றலாம் என்று முடிவு செய்யுங்கள்.