60 டாலர் மிச்சம் பார்த்து பிஸ்டல் வாங்கலாமா?

டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கிரீன் கார்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்க நினைக்கிறேன். கிளாக் 19, சிக் சாவர் பி365 இரண்டையும் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடையைவிட 60 டாலர் குறைவு. எது நல்லது? வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களா? எங்களோடு இருக்கும் மச்சானும் ஒன்று கேட்கிறார், அவர் எச்-1பி. இரண்டையும் ஒரே ஆர்டரில் போடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அப்படி வாங்கினாலும் மச்சானே நேரில் போய், துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவத்தைத் தன் பெயரில் எழுதித்தான் வாங்க வேண்டும். அவருக்காக நீங்கள் வாங்கி, படிவத்தில் ‘உண்மையில் வாங்குபவர் நான்தான்’ என்று டிக் அடித்தால் அது பொய் வாக்குமூலம். ஆப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் தள்ளுபடி கிடைக்கிறதே என்று மாமாவுக்காக ஒரு துப்பாக்கி வாங்கினார். அதுவும் இதே கிளாக் 19தான். மாமாவுக்குத் துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் செய்தது குற்றமே என்றது. உங்கள் மச்சான் விஷயத்தில் தகுதியே இல்லாதவருக்கு வாங்கித் தருவதாகிவிடும். 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு இதற்கு 15 ஆண்டு வரை சிறை உண்டு. கிரீன் கார்டும் போய்விடும் அபாயம் இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பதால், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் சாவியோ எண்ணோ அவருக்குத் தெரியக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது விலை. பிஸ்டல் உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. மத்திய உரிமம் பெற்ற ஒரு வியாபாரிக்குத்தான் அனுப்புவார்கள். எஃப்.எஃப்.எல். என்று சொல்வது அந்த உரிமத்தைத்தான். துப்பாக்கியை உங்கள் பெயரில் ஒப்படைக்க அவர் உங்களிடம் கைமாற்றுக் கட்டணம் வாங்குவார், பெரும்பாலும் 20 முதல் 50 டாலர். உதாரணத்துக்கு, ஆன்லைனில் 540, கடையில் 600 என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டுக்குச் சில தளங்கள் 3 சதவீதம் கூட்டுகின்றன, அது 16 டாலர். கைமாற்றுக்கு 30. ஆக 586. உங்கள் ஊரில் விற்பனை வரி 8.25 சதவீதம், எங்கே வாங்கினாலும் உண்டு. விலை குறைவதால் வரியில் ஐந்து டாலர் குறையும். மொத்தத்தில் உங்கள் 60 டாலர் லாபம் 20-க்கும் கீழே வந்துவிட்டது. அனுப்பும் செலவு தனி என்றால் அதுவும் போச்சு. கடையில் கிடைக்காத மாடல், போலீஸ் துறை பயன்படுத்தித் திருப்பிய பழைய துப்பாக்கிகள் இவற்றுக்குத்தான் ஆன்லைன் உண்மையில் லாபம். சில வியாபாரிகள் வேறிடத்தில் வாங்கிய துப்பாக்கிக்குக் கைமாற்று செய்வதில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர் வியாபாரிக்கு ஒரு போன் போடுங்கள்.

‘உரிமம் வேண்டாம், நேராக வீட்டுக்கே அனுப்புகிறோம்’ என்று சொல்லும் தளம் ஏமாற்று வேலை. கிஃப்ட் கார்டிலோ கிரிப்டோவிலோ மட்டும் பணம் கேட்பதும் அப்படியே. விற்பவரின் உரிம எண்ணை, உரிமம் வழங்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

எது நல்லது என்ற கேள்வியைத் திரையைப் பார்த்துத் தீர்க்க முடியாது. என் முதல் பிஸ்டலை விலையையும் படத்தையும் பார்த்துதான் வாங்கினேன். பிடி என் கைக்குத் தடிமன். ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்தான் விசையில் பட்டது, குண்டெல்லாம் இடப்பக்கமே போயிற்று. ஆறு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். கைமாற்று முடிந்த நிமிடமே அது பழைய துப்பாக்கி. பெரும்பாலான தளங்கள் திருப்பி எடுக்காது, உற்பத்தியாளரின் உத்தரவாதம் மட்டும்தான் மிச்சம்.

நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே வேலைக்குச் செய்தவை அல்ல. கிளாக் 19-க்கு நான்கு அங்குல பேரல், மேகசினில் (தோட்டா அடுக்கும் கூட்டில்) 15 தோட்டா, காலியாக 600 கிராமுக்குப் பக்கம். 2018-ல் வந்த பி365, இடுப்பில் மறைத்து எடுத்துப் போவதற்கென்றே செய்த குட்டி: 3.1 அங்குல பேரல், 10 தோட்டா, சுமார் 500 கிராம். தோட்டா இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் எடை குறைந்தால் உதைப்பு கூடும். புதிதாகப் பழகுபவருக்குக் குட்டித் துப்பாக்கி எளிது என்று தோன்றும், உண்மை நேர்மாறு. வீட்டில் வைக்க மட்டும் என்றால் என் ஓட்டு கிளாக்குக்கு. ஒரே உறுத்தல், அதில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. பி365-ல் அது உள்ள வகையும் கிடைக்கிறது. மனைவியும் கையாளுவார் என்றால் அவரையும் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடத்துக்கு) அழைத்துப் போய் ஸ்லைடை, அதாவது பின்னால் நகரும் மேல்பகுதியை, இழுக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால், ஸ்லைடை எளிதாக இழுக்க வேண்டும் என்றே வந்த பிஸ்டல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈஸீ. மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 ரவுண்டு சுட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் காகித வேலை. கடையில் பிஸ்டல் வாங்க உங்களுக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். முன்பு சொன்ன 4473 படிவத்தில் கிரீன் கார்டில் உள்ள யு.எஸ்.சி.ஐ.எஸ். எண்ணையும் எழுத வேண்டும். வீடு மாறியிருந்தால் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை முதலில் மாற்றுங்கள். பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பாடு. அப்பா பெயர் எது, இனிஷியல் எது என்ற குழப்பம் ஆவணத்துக்கு ஆவணம் வேறாக இருக்கும், எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுப் போங்கள். பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடத்தில் முடியும். எனக்கு முதல் தடவை ‘தாமதம்’ என்றுதான் வந்தது. மூன்று வேலை நாளில் மறுப்பு வராவிட்டால் வியாபாரி சட்டப்படி கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். இதெல்லாம் டெக்சாஸ் கணக்கு. கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும், நியூ ஜெர்சியில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும்.

கடையில் படிவத்தைத் தொடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். வரிசை எண் ஒத்துப்போகிறதா, மேகசின்கள் எண்ணிக்கை சரியா, ஸ்லைடில் கீறல் உண்டா என்று பாருங்கள். கையில் வாங்கியதும் மேகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடை இழுத்து சேம்பருக்குள் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடத்துக்குள்) கண்ணால் பாருங்கள். மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் ஒரு தோட்டா இருக்கலாம், இது போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பல விபத்துகள் இந்த ஒரு தோட்டாவால்தான். பிஸ்டலோடு ஒரு பூட்டும் தர வேண்டும், அது வியாபாரியின் சட்டப்படியான கடமை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.