அந்தப் பட்டுப்புடவை என்ன விலை, சார்?

கேள்வி: கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து இந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். பென்ஷன் வருகிறது. சொந்த ஊர் தஞ்சாவூர். சென்னை ஆழ்வார்பேட்டையில், கீழே கடைகளும் மேலே இரண்டு மாடிகளில் ஃபிளாட்டுகளுமாக 1994-ல் கட்டிய ஒரு கட்டடம். அதில் 300 சதுர அடிக் கடை ஒன்றும், அதற்கு நேர் மேலே 850 சதுர அடி ஃபிளாட் ஒன்றும் சேர்த்து 2 கோடியே 60 லட்சத்துக்கு வருகிறது. கடையில் பன்னிரண்டு வருடமாக ஒரு டிபன் சென்டர் நடக்கிறது. ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லையாம். கடைக்கு 55,000, ஃபிளாட்டுக்கு 40,000 வாடகை. மேல வீதியில் அப்பா மனை வாங்கிக் கட்டிய வீட்டை 1 கோடியே 60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். அதோடு ஓய்வுப் பணம் 45 லட்சம் இருக்கிறது. மீதிக்கு மகள் பேரில் லோன் போடலாம். அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள், உயில் இல்லை. தங்கைக்கு 1988-லேயே கல்யாணமாகிவிட்டதால் சட்டப்படி பங்கு கிடையாது. இருந்தாலும் பத்திர ஆபீஸில் கேட்பார்கள் என்பதால் மன்னார்குடியிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். அவளுக்கு நல்லதாக ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், எல்லாம் அவளுக்குத்தான். 5 லட்சம் டோக்கன் கொடுத்திருக்கிறேன். இப்படிக் கடையும் வீடும் கலந்த கட்டடத்தில் பணம் போடலாமா? வேண்டாம் என்றால் டோக்கன் திரும்பி வருமா?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: ஆழ்வார்பேட்டைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பட்டுப்புடவை. என்ன விலையில் எடுப்பதாக இருக்கிறீர்கள்?

தாராளமாக இருபதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் உங்கள் தங்கையின் பங்கு 80 லட்சம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், வாழ்நாளெல்லாம் கூட்டுறவுத் துறையில் வரவு செலவு பார்த்தவர்தானே.

கல்யாணமாகிவிட்டதால் பங்கில்லை என்ற வரி இந்தப் பத்திக்கு வருகிற சொத்துக் கடிதங்களில் தவறாமல் இருக்கும். யாரோ டீக்கடையில் பாதிச் சட்டத்தைச் சொல்லியிருப்பார்கள். நமக்கு வசதியான பாதி என்பதால் மீதியை யாரும் கேட்பதில்லை. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது உண்மைதான். அது கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்துக்கான திருத்தம். 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு அந்த விலக்கும் போய்விட்டது. மகளுக்கு இந்த உரிமை பிறப்பிலேயே வருகிறது, 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். அது அப்பா தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு. உயில் எழுதாமல் ஒருவர் போனால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. உங்கள் தங்கை பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற சட்டம். பிறகு அம்மாவும் உயில் இல்லாமல் போனதால் அவருடைய மூன்றில் ஒரு பங்கு உங்கள் இருவருக்கும் பிரிந்தது. ஆக, ஆளுக்குச் சரிபாதி. இதில் 1988-க்கு வேலையே இல்லை.

உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவும் இல்லை. பங்கே இல்லாதவளிடம் யாராவது கையெழுத்து வாங்குவார்களா? பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கப் போகிறீர்களா? வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறது, அவள் கையெழுத்து இல்லாமல் எந்த வக்கீலும் வாங்குபவரைப் பணம் கொடுக்க விடமாட்டார். அது தெரிந்துதான் புடவைக் கடைக்கு மனசு போயிருக்கிறது.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். டிபன் சென்டர்காரர் பன்னிரண்டு வருடமாக வாடகை தவறியதில்லை என்பது வரை எழுதத் தெரிந்த உங்களுக்கு, தங்கை மன்னார்குடியில் எப்படி இருக்கிறாள் என்று அரை வரி எழுதத் தோன்றவில்லை. மாப்பிள்ளை என்ன செய்கிறார், இருப்பது சொந்த வீடா வாடகை வீடா, பிள்ளைகள் கரையேறினார்களா, ஒன்றும் இல்லை. அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் இல்லை. அந்தப் பதில் உங்களுக்குச் சாதகமாக இருந்திருந்தால் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வந்திருக்கும்.

'அவளுக்குத்தான் அப்போதே நகை போட்டுச் சீர் செய்து அனுப்பினோமே' என்று இப்போது மனசுக்குள் சொல்வீர்கள். செய்தது உங்கள் அப்பா. மகளுக்கு அவர் ஆசையாகச் செய்ததை, அவர் போன பிறகு நீங்கள் அட்வான்ஸாகக் கழித்துக்கொள்ள முடியாது. சட்டமும் அப்படிக் கழிக்கச் சொல்லவில்லை.

'எங்களுக்கு ஒரே மகள், எல்லாம் அவளுக்குத்தான்.' நல்லது. உங்கள் அப்பாவுக்கும் ஒரு மகள்தான். உங்கள் மகளுக்குச் சொத்துச் சேர்க்க உங்கள் அப்பாவின் மகளுடையதை எடுக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் மகளை ஒருவன் இப்படி ஒரு புடவையோடு அனுப்பினால் பொறுத்துக்கொள்வீர்களா?

நான் இந்த விஷயத்தில் பழைய காலத்து ஆள். தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன்தான் தகப்பன் ஸ்தானம் என்பதை இன்னும் நம்புகிறேன். அந்த ஸ்தானத்துக்கு மரியாதை மட்டும் வேண்டும், பொறுப்பு வேண்டாம் என்பவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. நம் பெண்கள் பங்கு கேட்பதில்லை. கேட்டால் பிறந்த வீட்டு உறவே அறுந்துவிடும், நல்லது கெட்டதுக்கு அண்ணன் வந்து நிற்க மாட்டான் என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் நாம் 'தங்கச்சி தங்கமானவள், ஒன்றும் சொல்ல மாட்டாள்' என்று மெச்சிக்கொள்கிறோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்: உனக்குப் பங்கில்லை என்று பொய்யான காரணம் சொல்லி, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம் கோர்ட்டில் நிற்காமல் போகலாம். ஏமாற்றப்பட்டோம் என்று அவளுக்குத் தெரியவரும் நாளிலிருந்துதான் வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடுவே ஆரம்பிக்கும். அவள் போடமாட்டாள்தான். அவள் பிள்ளைகள் விவரமானவர்களாக இருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பத்திர ஆபீஸ் வராந்தாவில் வைத்து அல்ல, மன்னார்குடிக்கே போய் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு, வீடு இவ்வளவுக்குப் போகிறது, உன் பாதி 80 லட்சம் என்று எண்ணைச் சொல்லுங்கள். விடுதலைப் பத்திரமே வேண்டாம். கிரயப் பத்திரத்தில் இருவரும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போடுங்கள், அவள் பணம் வாங்குபவரிடமிருந்து நேராக அவள் கணக்கில் விழட்டும். இதில் வரி விஷயமும் இருக்கிறது. வீடு விற்ற லாபத்துக்கு ஆளுக்கு ஆள் தனித்தனிக் கணக்கு. அந்த லாபத்தில் வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கை அவள் தன் பாதிக்குத் தனியாகக் கேட்கலாம். 'அவளாகவே மனசு வந்து வேண்டாம் என்றால்?' என்று கேட்பீர்கள். முதலில் பணம் கணக்கில் ஏறட்டும். அதன் பிறகும் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அவளே செக் எழுதட்டும்.

சரி, இனி கட்டடம்.

2 கோடியே 60 லட்சம் என்பது பேசிய விலை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு 9, அதாவது 23 லட்சத்து 40 ஆயிரம். உங்களுக்கு அடக்க விலை 2 கோடியே 83 லட்சத்துக்கு மேல். இரண்டு வாடகையும் ஒரு மாதம்கூட விடாமல் வந்தால் வருடம் 11 லட்சத்து 40 ஆயிரம். நூற்றுக்கு 4. அதில் மாநகராட்சிச் சொத்துவரி, மெயின்டெனன்ஸ், பெயிண்ட், ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் போனால் மூன்றரைக்கு வந்து நிற்கும். லோன் வட்டி அதைவிட எவ்வளவு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். கடைக்கு வீட்டுக்கடன் வட்டியில் தரமாட்டார்கள் என்பது தெரியுமா? அது வேறு கணக்கு, கூடுதல் வட்டி. அதை மகள் கழுத்தில் கட்டப் பார்க்கிறீர்கள். வீடு விற்ற லாபத்துக்கான வரி விலக்கும் ஃபிளாட்டுக்கு மட்டும்தான், கடையில் போட்ட பணத்துக்குக் கிடையாது. புரோக்கர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற மெட்ரோ திட்டத்தில் ஆழ்வார்பேட்டைக்கே ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் நீங்கள் வாங்குவது ஆழ்வார்பேட்டையை அல்ல, முப்பது வருடம் தாண்டிய ஒரு கட்டடத்தின் இரண்டு துண்டுகளை. அதில் விலை ஏறுவது யூடிஎஸ் என்கிற நிலப் பங்கு மட்டும்தான். அந்தக் கடைக்கு எவ்வளவு யூடிஎஸ் எழுதியிருக்கிறது? பழைய கட்டடங்களில் கடைக்குப் பெயருக்குக் கொஞ்சம் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இடித்துக் கட்டலாம் என்று நாளைக்கு ஒரு பில்டர் வந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் பேசுவார். மேலே இருப்பவர்கள் 'இனிமேல் கீழே கடையே வேண்டாம், கார் நிறுத்த இடம் போதும்' என்பார்கள். அப்போது உங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், ஒப்புதல் கொடுத்த பிளானை வாங்கி, தரைத்தளத்தைப் பாருங்கள். கார் நிறுத்துமிடம் என்று காட்டிவிட்டு, கட்டி முடித்ததும் சுவர் எழுப்பி ஷட்டர் போட்டு வாடகைக்கு விடுவது இந்த ஊரில் பழைய வித்தை. உங்கள் கடை அந்த ரகம் என்றால், நீங்கள் ஒரு கோடி கொடுத்து வாங்குவது கார் ஷெட். 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டி முடித்த விதிமீறல் கட்டடங்களை நகர ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவின் கீழ் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள அரசு வாய்ப்புக் கொடுத்தது. அப்படிச் செய்திருந்தால் உத்தரவு கையில் இருக்கும். காட்டச் சொல்லுங்கள். 'எல்லாம் சரியாக இருக்கு சார்' என்பது உத்தரவு ஆகாது.

டிபன் சென்டருக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடம் வாய்வார்த்தையில் ஓடுகிறது என்றால் அவர் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, அதை யார் திருப்பித் தருவது என்பதிலேயே முதல் சண்டை வரும்.

மேலே இருக்கும் ஃபிளாட்டை எப்போது பார்த்தீர்கள்? புரோக்கர் கூட்டிப்போனது மத்தியானமாக இருக்கும், கடையில் அடுப்பு அணைந்திருக்கும் நேரம். வார நாளில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். பின்பக்கப் படுக்கையறை ஜன்னலைத் திறந்து கம்பியில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டினால் கடையின் புகைக்குழாய் அந்த வழியாகத்தான் மேலே போகிறது. விடிவதற்கு முன்னே கிரைண்டர் சத்தம், ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரம் தேய்க்கும் சத்தம். 40,000 கொடுத்துக் குடிவருகிறவர் ஒரு வருடத்தில் காலி செய்வார், அடுத்து வருபவர் 32,000-க்குக் கேட்பார். குழாயை மாற்று என்று கடைக்காரரை நெருக்கினால் 55,000-க்கு ஆபத்து. கீழ்வீடு வேறொருவருடையது என்றால் சங்கத்தில் சொல்லிச் சண்டையாவது போடலாம். மேலும் கீழும் நீங்களே ஓனர், குடியிருப்பவருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் தஞ்சாவூரிலிருந்து போனில் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

தங்கை பங்கைக் கொடுத்த பிறகு உங்கள் கையில் 80-ம் 45-ம், 1 கோடியே 25 லட்சம். அதில் வரி போக மிஞ்சுவதற்கு இந்தக் கடையும் ஃபிளாட்டும் எட்டாது. எட்டாத சொத்து எட்டுகிற மாதிரித் தெரிந்தது அவள் பணத்தையும் சேர்த்து எண்ணியதால்தான். வாங்காதீர்கள். பென்ஷன் வருகிற மனிதருக்கு இந்த வயதில் ஷட்டர் எதற்கு? தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்துவிடும். மீதிக்கு, வீட்டை விற்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள், விற்ற பிறகு அல்ல.

டோக்கன் விஷயம். ரசீது இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. பிளானும் வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் கேளுங்கள். காட்ட முடியாமல் விழித்தால் அதையே காரணமாகச் சொல்லி 5 லட்சத்தைத் திருப்பிக் கேளுங்கள், பேசிப் பாதியாவது வாங்கலாம். வராமல் போனால் உங்கள் 80 லட்சத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், அவளுடையதிலிருந்து அல்ல.