ஸ்கோப்புக்குள் ஒரு ஸ்கேல்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிச் சிறுகதையில் ஒரு இடம்: 'சிலுவைக் குறி இலக்கின் நடுவில் நின்றது. எழுநூறு மீட்டர். விசையை அழுத்தினான்.' வீடியோ கேமே கதி என்று கிடக்கும் என் நண்பன் இதைப் படித்துச் சிரிக்கிறான். நடுவில் வைத்துச் சுட்டால் தோட்டா கீழே போய்விடுமாம். சிலுவைக்குக் கீழே இருக்கும் சின்னக் கோடுகள் ஒவ்வொன்றும் நூறு மீட்டராம். அப்படியா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. 100 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கி 700 மீட்டரில் நடுவில் அடிக்காது. ஸ்கோப்பின், அதாவது துப்பாக்கி மேலிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியின், மேல் குமிழை முன்பே திருகி வைத்திருந்தால் அடிக்கும். என் ஆள் அதைத் திருகியதாக நான் எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான்.

கோடுகள் விஷயத்தில் அவர் தடுமாறுகிறார். கோடுகளின் இடைவெளி சமமாக இருந்தால் அவை தூரத்தைச் சொல்லவில்லை. தூரம் போகப்போகத் தோட்டாவின் வேகம் குறையும், விழுவது கூடிக்கொண்டே போகும். ஆகவே நூறு நூறு மீட்டராகக் கோடு போட்டால் கீழே போகப்போக இடைவெளி அகன்றாக வேண்டும். அப்படிப்பட்ட ஸ்கோப்புகளும் உண்டு. ஆனால் அவை ஒரே வகைத் தோட்டாவுக்கும் ஒரே வேகத்துக்கும் கணக்கிட்டவை. தோட்டாவை மாற்றினால் கணக்கும் போச்சு.

சமமான கோடுகள் கோணத்தை அளக்கின்றன. பெரும்பாலும் 'மில்' கணக்கு: ஆயிரத்துக்கு ஒன்று. 100 மீட்டரில் ஒரு மில் என்பது 10 செ.மீ., 700 மீட்டரில் 70 செ.மீ.

எனக்கு இது பிடிபட்டது துப்பாக்கியால் அல்ல, கல்லூரி சர்வே வகுப்பில். கிண்டிப் பக்கம், மண்டை பிளக்கும் வெயில். எதிரே ஒருவன் ஸ்டாஃபை (மீட்டர் கணக்கு எழுதிய அளவுக்கம்பை) பிடித்து நிற்க, நான் பழைய டம்பி லெவலுக்குள் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக்குள்) பார்க்கிறேன். எண்கள் தலைகீழாகத் தெரியும். உள்ளே இருக்கும் மேல் கோட்டில் 1.22, கீழ்க் கோட்டில் 1.64. வித்தியாசம் 0.42, நூறால் பெருக்கினால் 42 மீட்டர். அந்த இரு கோடுகளின் இடைவெளி நூற்றுக்கு ஒன்று, அதாவது பத்து மில்தானே! (அந்தக் காலக் கருவிகளில் அந்தக் கோடு நிஜமான சிலந்தி நூல்.) 1802-ல் இந்தியாவை அளக்கக் கிளம்பிய லாம்டன் பரங்கிமலை பக்கம் சர்வேயின் அடிக்கோட்டை (பேஸ்லைன்) அளந்தபோது சங்கிலி போட்டுத்தான் அளந்தார். நாங்கள் நின்ற இடத்திலேயே அளந்தோம், வியர்வைதான் செலவு.

ஸ்கோப்பில் இதே கணக்கு புரண்டு படுக்கிறது. சர்வேயில் கோணம் நிலையானது, ஸ்டாஃபில் நீளத்தைப் படிக்கிறோம். ஸ்கோப்பில் பொருளின் உயரம் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், கோணத்தைப் படிக்கிறோம். மெரினாவில் ஸ்டம்ப் நட்டிருக்கிறது என்று வையுங்கள். முறையான ஸ்டம்பின் உயரம் 71 செ.மீ. அது 2 மில் தெரிந்தால் மில்லிமீட்டரில் அதன் உயரமான 710-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும்: 355 மீட்டர். ஆனால் மெரினாப் பையன்கள் நடுவது ஏதோ ஒரு கட்டையை. அது 60 செ.மீ. என்றால் உண்மையான தூரம் 300 மீட்டர்தான். கோடு பொய் சொல்லவில்லை, நம் ஊகம் சொன்னது.

இன்னொரு பொறி, ஜூம். சில ஸ்கோப்புகளில் படத்தோடு சேர்ந்து கோடுகளும் பெரிதாகும். எந்த ஜூமிலும் ஒரு மில் ஒரு மில்தான். மற்றவற்றில் கோடுகள் அப்படியே நிற்கும். அளவு ஒரே ஒரு ஜூமில்தான் சரி. அதில் பாதி ஜூமுக்கு வந்தால் ஒரு கோடு இரண்டு மில் ஆகிவிடும். கேமில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

நண்பரிடம் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைக் கொடுங்கள். கண்ணிலிருந்து சரியாக 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில். ஒரு கண்ணை மூடி, தெருக்கோடி வீட்டின் இரண்டு மீட்டர் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு 10 மி.மீ. தெரிந்தால் அவர் நிற்பது 100 மீட்டர் தள்ளி. பிறகு நடந்து அடியெண்ணிப் பார்க்கட்டும். எவ்வளவு பிசகியது என்று எனக்கு எழுதுங்கள்.