பழைய எம்ஜிஎஃப் காரும் கராஜின் பிடிவாதமும்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "என்னிடம் 1999 மாடல் எம்ஜிஎஃப் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. ரேடியேட்டர் ஒழுகியதால் பக்கத்து கராஜில் புதிது போட்டேன். பில் 460 பவுண்ட். பாதியைக் கட்டி, மீதியை மாதக் கடைசியில் தருவதாகச் சொல்லிக் காரை எடுத்துவந்தேன். மூன்றாம் நாள் எம்25 நெடுஞ்சாலையில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. அதே கராஜுக்கே இழுத்துப் போனேன். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) போய்விட்டதாம். பழைய காரில் இது சகஜமாம். இப்போது பாக்கியையும் நாளுக்கு 20 பவுண்ட் நிறுத்தக் கட்டணத்தையும் கட்டினால்தான் காரைத் தருவார்களாம். என்ன செய்வது?"

முதலில், எஞ்சினைத் திறக்கச் சம்மதம் இல்லை என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வழக்கு என்று வந்தால் உங்கள் பெரிய சாட்சி அந்த எஞ்சின்தான். அதை எதிர்த்தரப்பே பிரித்துப்போட்டால் அப்புறம் எதையும் நிரூபிக்க முடியாது.

'சகஜம்' என்பதில் பாதி உண்மை உண்டு. எம்ஜிஎஃப்-இல் உள்ள ரோவர் கே சீரிஸ் எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கெட் பலவீனம் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அதனால்தான் அதில் கை வைப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் காரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், வண்டிக்கு அடியில் நீண்ட குழாய்களில் போய்வருகிறது. அதை வடித்து மறுபடி நிரப்பினால், உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்றியே ஆக வேண்டும். காற்று தங்கினால் ஓட்டம் தடைபட்டு ஹெட் கொதிக்கும். மூன்றே நாளில் கொதித்தது என்றால் என் சந்தேகம் அங்கேதான் போகிறது.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யச் சொல்கிறது. கார் பழையது என்பதற்காக இந்தக் கடமை போய்விடாது. 'பழைய வண்டிகளுக்குப் பொறுப்பில்லை' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், 57ஆம் பிரிவின்படி அது இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவாது.

ஆனால் கவனக்குறைவை நிரூபிப்பது உங்கள் வேலை. சம்பந்தமில்லாத ஒரு வாகனப் பொறியாளரை அமர்த்துங்கள். கூலன்ட் அளவு, காற்று வெளியேற்றும் திருகுகளின் நிலை, புது ரேடியேட்டரின் இணைப்புகள் ஆகியவற்றை எதையும் கழற்றுமுன் அவர் படமெடுக்கட்டும். பிறகு ஹெட்டைக் கழற்றி, அது வளைந்திருக்கிறதா, அளவுமீறிய சூட்டில் அலுமினியம் மென்மையாகிவிட்டதா என்று சோதிக்கட்டும். எப்போது பார்க்கிறார் என்பதை கராஜுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்த அறிக்கையை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க அனுமதி கேட்க வேண்டும்.

சரி, காரைப் பிடித்து வைக்கலாமா? செய்த வேலைக்குக் கூலி வராவிட்டால் வண்டியைத் தடுத்து வைக்கும் உரிமை கராஜுக்கு உண்டு. ஆனால் அவர்களாகவே காரை உங்களிடம் கொடுத்த அன்றே அந்த உரிமை போய்விட்டது. வண்டி திரும்பி வந்ததால் பழைய பாக்கிக்காக அது உயிர்பெறாது. புதிதாக எந்த வேலையும் செய்யவும் இல்லை. நிறுத்தக் கட்டணமும் நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழியச் செல்லாது. கையெழுத்திட்ட தாளில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இதையெல்லாம் கராஜிடம் சொன்ன பிறகும் தர மறுத்தால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்து, பாக்கியை கிரெடிட் கார்டில் கட்டிக் காரை மீட்டுவிடுங்கள். வேலையின் விலை 100 பவுண்டைத் தாண்டுவதால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் நஷ்டஈடு கேட்கலாம்.

அறிக்கை சாதகமாக வந்தால், அதை இணைத்து 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 10,000 பவுண்ட் வரை சிறு உரிமைக் கோரிக்கையாக (ஸ்மால் கிளெய்ம்) வழக்குப் போடலாம். இப்போது அதில் இலவச சமரசப் பேச்சு கட்டாயம்.

ஒன்றை மனதில் வையுங்கள். பழுதுச் செலவு காரின் சந்தை மதிப்பைத் தாண்டினால், நீதிமன்றம் வழக்கமாக அந்த மதிப்போடு நிறுத்திக்கொள்ளும். எம்ஜிஎஃப் விலை உயர்ந்த கார் அல்ல என்பதால் இது உங்களுக்குப் பாதகமாகலாம். எஞ்சின் பழுதுக்கான மதிப்பீட்டோடு, இதே வயதும் நிலையும் உள்ள கார்களின் விற்பனை விளம்பரங்கள் நாலைந்தையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.