‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கிவிட்டாள்: தோழி கர்ப்பம், நான் என்ன செய்ய?

கேள்வி: மேடம், நான் காசிமேட்டில் இருக்கிறேன். பிளஸ் டூ படிக்கிறேன், 17 வயது. என் தோழிக்கும் 17தான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறவர்கள் நாங்கள். போன வருடம் அவளுக்கு ஒரு பையனோடு பழக்கமானது. அவனுக்கு 19 வயது, கன்டெய்னர் யார்டில் வேலை. அதற்கப்புறம் என்னோடு பேசுவதே குறைந்துபோனது. இப்போது திடீரென்று வந்து, இரண்டு மாதமாகத் தள்ளிப்போயிருக்கிறது, கிட்டில் இரண்டு கோடு வந்துவிட்டது என்று அழுகிறாள். அவள் அப்பா மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன வாரம்தான் கடைசியாக வந்ததாம். அவன் இப்போது போனையே எடுப்பதில்லை. ‘யார்கிட்டயும் சொல்லாதே, சொன்னா செத்துடுவேன்’ என்று என் தலையில் கை வைத்து சத்தியம் வாங்கிவிட்டாள். மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தரச் சொல்கிறாள். என் உண்டியல் பணத்தைக் கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா? சொல்லாமல் இருந்தால் போலீஸில் நானும் மாட்டிக்கொள்வேனா? ஒரு விஷயம் சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்: எனக்கு அவள்மேல் கோபமாகவும் இருக்கிறது.

பதில்:

உன்னை ‘நீ’ என்றே எழுதுகிறேன்ம்மா. என் மகள் வயது உனக்கு.

நீ கேட்டவற்றுக்கு முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை வாங்கிக் கொடுக்காதே. உண்டியலையும் உடைக்காதே. அரசு மருத்துவமனையில் இதற்குப் பணம் தேவையில்லை. போலீஸ் உன்னைப் பிடிக்காது. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு நடந்ததைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தண்டனை உண்டுதான். ஆனால் சொல்லாமல் இருந்தவரே 18 வயதுக்குக் கீழ் என்றால் அந்தத் தண்டனை பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. அது பெரியவர்களுக்கானது. நீ பெயர், தெரு எதுவும் எழுதாமல் அனுப்பினாய். எழுதியிருந்தால் நானும் தகவல் தெரிவித்தே ஆகவேண்டும்.

இப்போது நாள் கணக்கு. இதில்தான் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறார்கள். அவனைச் சந்தித்த நாளிலிருந்து எண்ணி, ஒன்றரை மாதம்தான் ஆகிறது என்பார்கள். மருத்துவர் அப்படி எண்ணமாட்டார். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுவார். அதனால் எப்போதுமே இரண்டு வாரம் கூடுதலாக வரும். தேதி ஞாபகமில்லை என்று உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் நான் பண்டிகையைக் கேட்பேன், பரீட்சையைக் கேட்பேன், யார் வீட்டுக் கல்யாணத்தில் கஷ்டப்பட்டாய் என்று கேட்பேன். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தடைக்காலமே காலண்டர். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது, 15ஆம் தேதி போட் கிளம்புகிறது. நீ எழுதியது ஆகஸ்ட் 12. ஆக, எட்டு வாரம் ஆகிவிட்டது. நீ இதைப் படிக்கும்போது ஒன்பதை நெருங்கியிருக்கும்.

இது ஏன் முக்கியம்? ஒன்பது வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே, மருத்துவர் பார்வையில் முடித்துவிட முடிகிறது. அதைத் தாண்டினால் வேறு முறை. அதுவும் பாதுகாப்பானதுதான், ஆனால் நாள் ஏற ஏற உடம்புக்குச் சிரமம் கூடும். சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து சொல்லவேண்டும், அதுவும் சில பிரிவினருக்கு மட்டும். 18 வயது நிரம்பாதவர்கள் அந்தப் பிரிவில் வருகிறார்கள். 2021இல் செய்த திருத்தம் இது. அதற்கு மேல் போனால் மருத்துவக் குழு, நீதிமன்றம் என்று போய்விடும். பதினோராம் வாரத்திலும் வந்திருக்கிறார்கள், இருபத்திரண்டாம் வாரத்திலும் வந்திருக்கிறார்கள். இருபத்திரண்டில் வந்த பிள்ளையும் பத்தாவது வாரத்திலேயே ஒரு தோழியிடம் சொல்லியிருந்தாள். அந்தத் தோழியும் சத்தியம் செய்திருந்தாள்.

அதனால் அந்தச் சத்தியத்தை நீ காப்பாற்றவேண்டியதில்லை. ‘செத்துடுவேன்’ என்ற சொல் வந்த நிமிடமே அது முடிந்துவிட்டது. அவளிடமே கேள். சுற்றிவளைக்காமல், ‘நிஜமாவே அப்படித் தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?’ என்று கேள். கேட்டால் எண்ணம் தூண்டிவிடப்படும் என்று பயப்படாதே, அப்படி ஆகாது. யோசித்திருக்கிறாள் என்றால் அவளைத் தனியே விடாதே. அப்போதே ஒரு பெரியவரைக் கூப்பிடு. 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஏதாவது சாப்பிட்டுவிட்டாள் என்றால் யோசிக்காமல் 108.

மெடிக்கல் மாத்திரை வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்கிறேன். கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. ரத்தம் பட்டதும் முடிந்துவிட்டது என்று நினைப்பாள். உள்ளே குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கரு எங்கே இருக்கிறது என்பது ஸ்கேனில்தான் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது. ரத்தசோகை இருக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்காது, உங்கள் வயதில் ரத்தசோகை இல்லாத பிள்ளைகள் குறைவு. சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை விற்பதே குற்றம். ‘72 மணி நேர மாத்திரை’ என்று இன்னொன்று உண்டு. அது கரு தங்குவதைத் தடுக்க, உடனே போடுவது. தங்கிய கருவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை என்று யாராவது சொல்வார்கள். அதில் நாள்தான் போகும்.

உனக்குத் தெரியாமல் அவள் ஏற்கெனவே எதையாவது போட்டிருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், அல்லது ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல் வந்தால் காத்திருக்காதே.

சரி, யாரிடம் சொல்வது?

உன் வேலை ஒன்றுதான்: அவளை ஒரு பெரியவர் வரை கொண்டுபோய் விடுவது. மருத்துவமனைக்குப் பெரியவர் கட்டாயம் வேண்டும். 18 நிரம்பாதவருக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு செய்யமாட்டார்கள். ஆனால் 1971ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டத்தில் பாதுகாவலர் என்றால் அப்பா அம்மா மட்டும் இல்லை. அந்தப் பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் என்றுதான் இருக்கிறது. அதனால் ‘அம்மாவா, செத்தாலும் மாட்டேன்’ என்று அவள் சொன்னால் அங்கேயே நின்றுவிடாதே. ஆயா, அதாவது பாட்டி இருக்கிறாரா? சித்தி, அத்தை? என் அனுபவத்தில் ஆயாக்கள்தான் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் நேரத்தில் ஆயா செருப்பை மாட்டிக்கொண்டு ‘எந்த ஆஸ்பத்திரி?’ என்று கேட்பார். கையெழுத்து யார் போடுவது என்பதை மருத்துவமனையில் சொல்வார்கள். முதலில் கதவு திறக்கவேண்டும், அவ்வளவுதான்.

பள்ளியில் சொல்லலாமா என்றால், நம்பிக்கையான ஒரு டீச்சர் இருந்தால் சொல்லலாம். அவரும் சட்டப்படி தகவல் சொல்லக் கடமைப்பட்டவர் என்று தெரிந்தே சொல். ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பேசாதே. வீட்டில் யாருமே சரிவரமாட்டார்கள், அடி விழும் என்ற பயம் நிஜம் என்றால் 1098க்குப் போன் செய். குழந்தைகளுக்கான இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள். நீயே பேசலாம்.

சொல்லும்போது அவளையே பேசவை, நீ பக்கத்தில் உட்கார். அவளுக்கு வாய் வரவில்லை என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடு: ‘ஆயா, இவளுக்கு ரெண்டு மாசமா தள்ளிப்போச்சு. டெஸ்ட் பண்ணோம், இருக்கு. திட்றதா இருந்தா அப்புறம் திட்டுங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க.’ சாயந்திரம் குழாயடிக் கூட்டத்தில் இல்லை, ஆள் இல்லாத நேரம் பார்த்து. அவள் அப்பா கடலில் இருக்கும் நாளாகப் பார்ப்பது நல்லது என்று உனக்கே தெரிந்திருக்கும்.

போலீஸ் வருமா என்று அவள் பயப்படுவாள். பொய் சொல்லமாட்டேன், வரும். அவளுக்கு 17 என்பதால் விருப்பத்தோடு நடந்தது என்றாலும் சட்டம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. மருத்துவமனை தகவல் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்று சொல்லியிருக்கிறது. கருக்கலைப்புக்கு வந்த சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் எழுதவேண்டியதில்லை. இதை வாய் திறந்து கேட்கவேண்டும். எல்லா இடத்திலும் தாமாகச் சொல்லமாட்டார்கள். கேட்டதற்கு முகம் சுளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், இருந்தாலும் கேட்கச் சொல். வாக்குமூலம் வாங்குவது என்றாலும் அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வரவேண்டும் என்பது போக்சோவிலேயே இருக்கிறது. அவள் பெயர், படம், பள்ளி எதுவும் செய்தியில் வரக்கூடாது.

அவன் விலகிப் போகும்போது மிரட்டினானா, அன்றைக்கு அவளுக்கு விருப்பம் இருந்ததா, இதையும் ஒருமுறை மெதுவாகக் கேள். பதில் சொல்லவில்லை என்றால் தோண்டாதே.

இன்னொரு ஆபத்து வீட்டிலிருந்தே வரும். ‘அவனுக்கே கட்டி வச்சுடலாம்’ என்பார்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பாமல் செய்வது குழந்தைத் திருமணம். அவனுக்கும் 19தான். தாலி கட்டினால் போக்சோ விலகிவிடும் என்பது தெருவில் பேசும் சட்டம், கோர்ட்டில் இல்லை. போனை எடுக்காதவன் தாலி கட்டிய பிறகு எடுப்பானா என்பது தனிக் கேள்வி.

குழந்தையைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் சொன்னால்? கலைக்கச் சொல்லி யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நீ உள்பட. அப்போதும் மருத்துவமனைதான் முதல் படி. இந்த வயதில் ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் தொந்தரவு தரும், மாதாமாதம் பார்க்கவேண்டும். வளர்க்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம், மனம் மாற இரண்டு மாதம் அவகாசமும் உண்டு. தெரிந்தவர், தரகர் என்று யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

கடைசியாக உன் கோபம். கேள்வியின் ஓரத்தில் ஒளித்து வைத்திருந்தாய், ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஒரு வருடமாக அவன் இருந்தான், நீ இல்லை. பஸ் ஸ்டாப்பில் நீ நின்றிருக்க, பைக்கில் ஏறிப் போயிருப்பாள். உன் பிறந்தநாளை மறந்திருப்பாள். இன்று அவன் இல்லை என்றதும் நீ ஞாபகம் வந்திருக்கிறாய். இது கோபம் வரவேண்டிய விஷயம்தான். நல்ல தோழி என்றால் கோபமே படக்கூடாது என்று நினைத்து அதை விழுங்கினால், அது வேறு வழியில் வெளியே வரும்: கேள்விமேல் கேள்வி கேட்பாய், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பாய், இன்னொரு தோழியிடம் ‘உன்கிட்ட மட்டும்’ என்று சொல்லிவிடுவாய். ஹவுசிங் போர்டில் ஒரு மாடிக்குத் தெரிந்தால் கீழே டீக்கடைக்குத் தெரிந்த மாதிரி. கிட் படத்தை அவள் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் யாருக்கும் தள்ளிவிடாதே.

அந்தக் கோபத்தை ஒரு மாதம் தள்ளிவைத்து, பிறகு அவளிடமே நேரில் சொல். ‘நீ என்னை விட்டுட்டுப் போன, எனக்கு வலிச்சது’ என்று. இப்போது சொன்னால் அதையும் தன் தண்டனையில் சேர்த்துக்கொள்வாள். உன்னிடம் அவள் கோபப்படுவதற்கும் தயாராக இரு. சத்தியத்தை மீறினாய் என்று சில வாரம் பேசமாட்டாள். சிலர் பேசாமலே போய்விடுகிறார்கள். அப்படி நடந்தாலும் நீ செய்தது சரி.

உன் அம்மா விஷயம்: இன்றே சொல்லவேண்டாம். ஆனால் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் நீயும் ஒருவரிடம் பேசு. 14416 உனக்கும்தான்.

எங்கே போவது என்றால், உங்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை பக்கம், பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கவேண்டும். ஆதார் அட்டை, கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதிய துண்டுச் சீட்டு, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரை அட்டை இருந்தால் அதுவும். உள்ளே அவளும் ஆயாவும் போவார்கள், உன்னை விடமாட்டார்கள். வெளியே பெஞ்சில் இரு. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நாப்கின் பாக்கெட், இரண்டு பன் வாங்கி வைத்துக்கொள். அவள் வெளியே வந்ததும் ‘என்ன சொன்னாங்க?’ என்று ஆரம்பிக்காதே. பசிக்கிறதா என்று மட்டும் கேள்.